நெஞ்சுக்கு நேரே ஒரு கமரா

யாழ்ப்பாணத்தில் கமராவைக் கண்ணுக்கு உயர்த்தினால் எதிரே நிற்பவர் உடனே நிமிர்ந்துவிடுவார். பேச்சு நிற்கும். கை தானாகப் போய்த் தலைமயிரைப் படியவைக்கும். எங்களுக்குப் படம் என்றால் நெடுங்காலம் மூன்றுதான்: அடையாள அட்டைப் படம், கலியாணப் படம், மரண அறிவித்தலில் வரும் படம். மூன்றிலும் ஆள் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும்.

அப்பம்மாவுக்கு அடையாள அட்டைப் படம் மட்டுமே மிஞ்சியது. கலியாணப் படம் இருந்த அல்பம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ளே, வலிகாமத்துச் சனம் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தபோது எங்கள் சைக்கிளில் அரிசியும் உடுப்பும்தான் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் அல்பத்தின் தாள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அப்பம்மாவின் செத்தவீட்டுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். முகம் அவவுடையதுதான். ஆனால் அப்பம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் இல்லை.

கமராவை நெஞ்சில் தொங்கவிட்டபடி, அதற்குள் பாராமலே படம் எடுக்க நான் பழகியது அந்தச் சிரிப்பைத் தேடித்தான் என்று இப்போது படுகிறது.

பழக்கியவர் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணை. வடக்குக்கு 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. வெளிச்சம் அளக்கும் கருவிக்குப் பற்றறி இல்லை என்பதால் அவர் நிழலைப் பார்த்து வெளிச்சம் சொல்லப் பழகியிருந்தார். நிழலின் கரை கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால், 400 வேகப் பிலிமுக்கு எஃப் 16, செக்கனில் 500இல் ஒரு பங்கு. “வெயிலைப் பார் தம்பி, கமராவைப் பாராதை,” என்பார்.

தூரத்துக்கும் அவரிடம் ஓர் அளவு இருந்தது: ஒன்றரைச் சைக்கிள் நீளம். அது கிட்டத்தட்ட 2.7 மீற்றர். 35 மில்லிமீற்றர் லென்ஸை அந்தத் தூரத்துக்குத் திருப்பி எஃப் 16இல் விட்டால் ஒன்றரை மீற்றருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். பிறகு ஒன்றையும் திருப்ப வேண்டாம், நடந்தால் போதும். மிகக் கிட்டப் போனால் தலை வெட்டுப்படும், கமரா சற்று மேலே நிமிர்ந்தால் படம் முழுக்க வானமாகிவிடும். அதைக் கை பழகிக்கொள்ள வேண்டும். பிலிம் அரிதாகக் கிடைத்த காலத்தில், வெறும் கமராவோடு திருநெல்வேலிச் சந்தைக்குள் நடக்கவிட்டார் அண்ணை.

பிலிம் போட்டு நடந்த நாட்களில் சந்தை எனக்கு வேறாகத் தெரிந்தது. கண் ஓய்ந்திருந்ததால் காது வேலை செய்தது. விலை பேசும் குரல் உச்சத்துக்கு ஏறும் இடம் தெரிந்தது. பாஷையூர் மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவரின் குரல் எப்போது அறுபடும், வாங்குகிறவரின் கை எப்போது மடிக்குள் போகும் என்று தெரிந்தது. விரல் அந்த நேரத்துக்கு அழுத்தியது.

வாக்கர் எவன்ஸைப் பற்றிப் பிற்பாடுதான் வாசித்தேன். 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயோர்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கமராவை ஒளித்து, பொத்தான்களின் நடுவால் லென்ஸை நீட்டி, எதிர் இருக்கைக்காரரைப் படம் எடுத்தவர். அந்த முகங்கள் 1966இல்தான் புத்தகமாக வந்தன. மெய் மறந்திருக்கும் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கூடவே மனம் கலங்கியது. சுற்றிவளைப்பு நடந்த ஊர் எங்களுடையது. படையினர் சனத்தை வரிசையில் நிறுத்துவார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும், முகம் மூடிய தலையாட்டியின் கண் மட்டும் ஓட்டைக்குள்ளால் தெரியும். ஒளித்திருந்து பார்க்கும் கண் என்ன செய்யும் என்று அறிந்த சனத்தின் முன்னால் கமராவை ஒளிப்பது தகாது. என் கமரா எப்போதும் சட்டைக்கு வெளியேதான் தொங்கும். கண்ணில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

சந்தையில் கீரை விற்ற ஆச்சி ஒருவரின் படம் அப்படித்தான் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரி சொன்ன எதற்கோ, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. கழுவி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். “உது நானோ? உப்பிடியே சிரிக்கிறனான்?” என்றா. பிறகு, “இன்னொண்டு தா தம்பி, கனடாவிலை மகளுக்கு அனுப்ப,” என்றா. எனக்கு அப்பம்மாவின் ஞாபகம் வந்தது.

எல்லா இடத்துக்கும் இந்த முறை சரிவராது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் கையில் இருந்தவையும் அசையாமல் எடுத்த படங்களே. அவர்கள் பார்க்கச் சொல்லித்தான் அந்தப் படங்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அங்கே கேட்டு, கமராவைக் கண்ணில் வைத்து, முகத்துக்கு நேரே நின்றுதான் எடுக்கவேண்டும்.

இன்று எல்லாருடைய கையிலும் கமரா இருக்கிறது. உங்கள் வீட்டு முதியவர்கள் கதைக்கும்போது, அரிவாளில் மரக்கறி அரியும்போது, சிரிக்கும்போது, “இங்கை பாருங்கோ” என்று சொல்லாமல் ஒரு படம் எடுங்கள். எடுத்ததை அன்றைக்கே அவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.