சோறு வைக்கிறது யாரு?

எங்களிடம் வருகிற நோயாளி பேசாது. கூட வந்து பேசுகிறவருக்கோ பாதி விஷயம் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் மருத்துவமனை. கணவர் கால்நடை மருத்துவர். நான் மருந்து எடுத்துக் கொடுப்பேன், பில் போடுவேன், கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டுப் போடுவேன், பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். மாமியார் காஸ் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்குவார். துணிக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணிதான் நெய்கிறார்கள். பகலில் அரசு மருந்தகம் இருக்கிறது, அங்கே மருந்து இலவசம். 1962க்குப் போன் போட்டால் வண்டியே வீட்டுக்கு வரும். இதையெல்லாம் தாண்டி எங்களிடம் வருவது பொழுது சாய்ந்த பிறகு சேருகிற கூட்டம். மில்லில் ஷிப்டு முடிந்தவர்கள், கடை அடைத்தவர்கள், பிள்ளையின் அழுகை தாங்காமல் ராத்திரியில் கதவைத் தட்டுகிறவர்கள்.

வந்ததும் நோட்டில் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று எழுதுவேன். அப்புறம் ஒரு கேள்வி: “இதுக்குச் சோறு வைக்கிறது யாரு?”

பலரும் இந்தக் கேள்விக்குத்தான் திணறுவார்கள். நாயின் விலை தெரியும், அதன் அப்பன் எந்தப் போட்டியில் பரிசு வாங்கியது என்று தெரியும். நேற்று ராத்திரி அது சாப்பிட்டதா என்று கேட்டால், “இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று போனை எடுப்பார்கள். அந்தப் போனை நான் வாங்கிக்கொள்வேன். எதிர்முனையில் ஒரு அம்மாவோ, பாட்டியோ, வேலைக்கு வருகிற அக்காவோ இருப்பார். நோய் அங்கிருந்துதான் வெளியே வரும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய தடயம். சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், கருத்தடை செய்யாத பெட்டை நாயென்றால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறவரைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும்?

ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம் மலையடிவாரத் தோப்பிலிருந்து போன் வந்தது. மாடு எழுந்திருக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டில் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். கறவை மாடு, இடப்பக்க விலா உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணியாக, புளித்த வாடையோடு இருந்தது. கணவர் இடது விலாக்குழியில் முஷ்டியை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். நல்ல மாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது வயிறு உள்ளிருந்து கையைத் தள்ளும். இதில் அசைவே இல்லை.

“என்ன தீனி போட்டீங்க?”

“வழக்கமா போடுறதுதான் சார். தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டை. புதுசா ஒண்ணுமில்ல.”

மாட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தொழுவத்து மூலையில் நின்ற அவருடைய அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். பக்கத்தில் போனேன்.

“கல்யாண வீட்ல ஒரு அண்டாச் சோறு மிஞ்சிப்போச்சு தாயி. குப்பையில கொட்ட மனசு வரல. வாயில்லாச் சீவன் திங்கட்டும்னு வச்சேன். அவன்கிட்டச் சொல்லிராத, வைவான்.”

சோறு மனிதனுக்கு அமுது. மாட்டின் பெருவயிற்றில் மொத்தமாகப் போய் விழுந்தால் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அந்த அமிலம் ரத்தத்தில் ஏறும், உடம்புத் தண்ணீரையெல்லாம் வயிறு உறிஞ்சிக்கொள்ளும், மாடு படுத்துவிடும். விட்டால் செத்துப்போகும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். நரம்பு வழியாகவும் சோடா கலந்த மருந்து இறங்கியது. வேப்பமரக் கிளையில் பாட்டிலைக் கட்டிவிட்டு நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணவர் மாட்டுக்காரரிடம், “தீனியில ஏதோ கோளாறு. இனிமே சோறு, கஞ்சி, மாவு எதுவும் அளவுக்கு மேல வைக்காதீங்க” என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் அசைபோட ஆரம்பித்துவிட்டது என்று போன் வந்தது. பேசியது அந்த அம்மாதான்.

முகூர்த்த மாதங்களிலும் மாட்டுப்பொங்கலை ஒட்டியும் இதே கதை வேறு வேறு வீடுகளிலிருந்து வரும். அன்பாக வைத்த சர்க்கரைப் பொங்கல்தான் மாட்டைப் படுக்கவைக்கிறது. வைத்தவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் வாயே திறக்கமாட்டார். திட்டுவதில்லை என்று நானும் கணவரும் பேசி முடிவெடுக்கவில்லை. அதுவாகவே எங்கள் வழக்கமாகிப்போனது.

பூனைக்கும் இப்படித்தான். காய்ச்சலென்று அரை பாரசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். நமக்குக் கேட்கிற அந்த மாத்திரையை முறித்து வெளியேற்றுகிற வழி பூனையின் உடம்பில் இல்லை. முகம் வீங்கி, ஈறு பழுப்பேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கொடுத்தது யார், எப்போது, எவ்வளவு என்பது உடனே தெரிந்தால் மாற்று மருந்து உண்டு. மறைத்தால் நேரம் போய்விடும். பெரும்பாலும் கொடுத்தவர் வீட்டிலேயே நின்றுவிடுவார், வேறொருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதுதான் சிக்கல்.

எங்கள் ஊர் நாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். அந்த வெள்ளைக்குத்தான் மவுசு, அதில்தான் வினையும். காதுக்குள்ளே நிறம் தரும் செல்கள் இருந்தால்தான் கேட்கும் நரம்பு பிழைக்கும். சுத்த வெள்ளைக் குட்டிகள் சிலவற்றில் அந்தச் செல்கள் இருப்பதில்லை, அதனால் அந்தக் குட்டிகள் செவிடாகவே வளரும். நிறத்தை மட்டும் பார்த்து இனச்சேர்க்கை செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. செவிட்டுக் குட்டி என்று தெரிந்தே கைமாற்றிவிடுகிறவர்கள்மேல் அதைவிட அதிகம்.

அப்படி ஒரு குட்டியை ஓர் இளைஞர் கொண்டுவந்தார். “சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது மேடம், டிரெயினிங் குடுக்கலாமா?” என்றார். கூடவே வந்திருந்த பாட்டி குறுக்கிட்டார். “தட்டை எவ்வளவு சத்தமா வச்சாலும் எந்திரிக்காதும்மா. என் நிழல் மேல பட்டா எந்திரிச்சிரும்.” கணவர் குட்டியின் முதுகுப்பக்கம் உட்கார்ந்துகொண்டு சாவிக்கொத்தைக் குலுக்கினார். கையைத் தட்டினால் காற்று பட்டுத் திரும்பிவிடும், தரையில் தட்டினால் அதிர்வு தெரிந்துவிடும் என்பதால் சாவி. குட்டி காதைக்கூட அசைக்காமல் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் கேட்காது. இளைஞரின் முகம் விழுந்துவிட்டது. பாட்டிக்கு ஒன்றும் தோன்றவில்லை. “கேக்கலைன்னா என்ன, பாக்குதுல்ல?” இப்போது அந்த நாய் பாட்டி கையைத் தூக்கினால் உட்காரும், காலால் தரையை ஓங்கி மிதித்தால் ஓடிவரும்.

சோறு வைக்கிறவரைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பயத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறிநோய் என்றால் குரைத்துக்கொண்டு பாய்ந்து கடிக்கிற நாயைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாயாத வகையும் இருக்கிறது. நாய் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், தண்ணீர் இறங்காது. பார்க்கிறவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கினதுபோல் இருக்கும். நாயின் மேல் பிரியமுள்ளவர் என்ன செய்வார்? வாயைத் திறந்து விரலை விட்டு எலும்பைத் தேடுவார்.

அப்படி ஒரு நாயை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கணவர் பார்த்தார், தொடவில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். “இது வாயில யாரெல்லாம் கை விட்டீங்க?” என்று கேட்டார். வந்தவர்கள் யாரும் விடவில்லை. நான் வீட்டுக்குப் போன் போட்டேன். நாய்க்குத் தினமும் சோறு பிசைந்து வைக்கிற பெண், தேங்காய் துருவும்போது கீறிய விரலோடு, எலும்பு இருக்கிறதா என்று துழாவிப் பார்த்திருந்தார். அந்த நாய்க்கு ஊசி போட்டதற்கான அட்டை எதுவும் அந்த வீட்டில் இல்லை. கையைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவச் சொன்னேன். அப்படியே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஊசி அங்கே இலவசம். முதல் நாள், 3, 7, 28 என்று தேதி தவறாமல் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறார். நாய் செத்துப்போனது. நோய்க்குறி வந்துவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் காப்பாற்ற மருந்து இல்லை. குறி வருமுன் போட்டால் காப்பாற்றும் ஊசியோ பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து இருக்கிறது. நாய்க்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. ஒரு வேளை பிரியாணி விலைகூட இராது.

விலை என்றதும் பில் ஞாபகம் வருகிறது. “மிருகத்துக்கு இவ்வளவா?” என்ற கேள்வி எனக்குப் பழகிப்போயிற்று. கேட்பதில் தப்பில்லை. இதற்குக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் அரிது, பெரும்பாலும் மொத்தமும் கைக்காசு. ஊசி மருந்து கெடாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்டு போனால் இன்வெர்ட்டர் ஓட வேண்டும் என்பதெல்லாம் பில்லில் எழுத முடியாத சங்கதிகள். கடன் நோட்டு ஒன்று இருக்கிறது. சீசனில் மாம்பழமாக அது கொஞ்சம் அடையும். மாம்பழத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பேரமே பேசாத ஒருவரையும் எனக்குத் தெரியும். மில் கேட்டில் காவல் இருக்கிற பெரியவர். கேட்டருகே படுத்திருக்கிற தெருநாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டி. அது நாய்க்கு நாய் சேர்க்கையின்போது ஒட்டிக்கொள்கிற புற்று, தெருநாய்களிடம் சாதாரணம். வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. எங்கள் வாசலிலேயே பூத்துக்கிடக்கிற செடிதான் என்று காட்டியபோது பெரியவர் நம்பவில்லை, கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நைட் டூட்டி முடிந்து தூக்கக் கண்ணோடு சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டி நாயைக் கொண்டுவருவார். “உங்க நாயா?” என்று யாராவது கேட்டால், “இல்ல, சோறு வைப்பேன்” என்பார். அவரிடம் கேள்வி கேட்க வேண்டிய வேலையே எங்களுக்கு இருக்கவில்லை. எப்போது சாப்பிட்டது, எவ்வளவு, ரத்தம் சொட்டுவது நின்றதா, எல்லாவற்றையும் அவரே வரிசையாகச் சொல்லிவிடுவார்.

இனிப் பிழைக்காத நாயின் உயிரை முடித்துவைக்கிற கடைசி ஊசி போடும் நாளிலும், காசு கொடுக்கிறவருக்கும் சோறு வைக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். முதலில் மயக்க ஊசி, நாய் ஆழ்ந்து தூங்கிய பிறகுதான் அடுத்தது. காசு கொடுக்கிறவர் பெரும்பாலும் வெளியே போய் நின்றுகொள்வார். அவருக்கு மனசில்லை என்று சொல்லமாட்டேன், தாங்கமாட்டாமல்தான் போகிறார். உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சோறு வைத்தவர்தான். அவரை வெளியே அனுப்பிவிடும்படி வீட்டார் கேட்டால் நாங்கள் கேட்பதில்லை. இருப்பதா போவதா என்பதை அவரே சொல்லட்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாயும், யாரோ வாசலில் விட்டுப்போன ஒற்றைக்கண் பூனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் மாமியார்தான் எஜமானி. டாக்டர் சட்டையில் ஸ்பிரிட் வாடையோடு உள்ளே வந்தால் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும், பூனை பீரோ மேல் ஏறிவிடும். அண்மையில் நாய் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் காய்ச்சல் பார்த்தார், உண்ணி தேடினார், ரத்தப் பரிசோதனை வரை யோசித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மாமியார், “எலும்பை ஒரு பக்கமாவே கடிக்குதுடா, பல்லைப் பாரு” என்றார். கடைவாய்ப் பல் ஒன்று விண்டிருந்தது.

அதனால், நீங்கள் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் சரி, வண்டி ஓட்டத் தெரிந்தவரை மட்டும் அனுப்பாதீர்கள். சோறு வைக்கிறவரையும் கூட்டிப் போங்கள். வரமுடியாவிட்டால் அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போங்கள். ஊசி அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.