பாரீசில் இலை உதிரும்போது பாகூரில் ஏரி நிரம்பும்

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் பிரான்சில் உறவுக்காரர்கள் இருக்கும் வீடுகள் உண்டு. ஐப்பசி பிறந்ததும் அந்த வீடுகளின் செல்போனுக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். பாரீஸ் பூங்காக்களில் மரங்களெல்லாம் மஞ்சளும் செம்பழுப்புமாக நிற்கும். நடைபாதை முழுக்கச் சருகு மெத்தை. அதன் நடுவே குளிர்ச்சட்டை போட்ட பேரப்பிள்ளைகள். படத்தைப் பார்க்கும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, 'இந்த அழகு ஏன் நம்ம ஊர்ல இல்ல?' என்பதுதான்.

அழகு இங்கேயும் இருக்கிறது. ஆனால், வேறு வேடத்தில் வருகிறது.

அங்கே குளிர், இங்கே வறட்சி

அக்டோபரில் ஐரோப்பாவில் பகல் குறையும், குளிர் ஏறும். வேர் நீரை உறிஞ்சுவது மந்தமாகும். இலையை வைத்துக் காப்பாற்றுவது மரத்துக்கு நஷ்டம். அதனால் இலையிலுள்ள தழைச்சத்து போன்றவற்றைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்ததும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. பிறகு காம்பில் ஒரு தடுப்பு விழுந்து, இலை உதிர்கிறது.

நம் மரங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. இங்கே பயம் குளிர் அல்ல, வறட்சி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆகவே தேக்கு, இலுப்பை, அரசு போன்றவை தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் உதிர்க்கின்றன. அந்தச் சமயத்தில் அரச மரத்தின் செப்புநிறத் தளிரையும், நாட்டு வாதுமையின் ரத்தச் சிவப்பு இலையையும் பார்த்தவர்கள் பாரீஸ் படத்தைப் பார்த்து ஏங்க மாட்டார்கள். நமக்கு 'இலையுதிர் காலம்' மாசியில் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழர் கணக்கில் கூதிர் காலம்.

பாரீஸ் தோட்டக்காரர் வந்த பூங்கா

அடைமழை இரண்டு நாள் விட்டால், சம்பா வயலில் களை எடுத்து முடித்த குடும்பங்கள் புதுச்சேரி நகரத்துக்கு ஒரு நடை போய் வரலாம். வில்லியனூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், பாகூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

நகரின் தெற்குப் பகுதியில் இருக்கும் தாவரவியல் பூங்கா, 1826-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. பொழுதுபோக்குக்காக மட்டும் அமைத்ததல்ல. இந்த மண்ணுக்கு எந்தப் பயிர் ஒத்து வரும் என்று வைத்துப் பார்த்த தோட்டம் அது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பெரோத்தே என்ற தாவரவியலாளர். பாரீசின் புகழ்பெற்ற அரசுத் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1635-ல் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கப்பட்ட அந்த இடத்துக்குத்தான் இன்றும் பாரீஸ் மக்கள் இலையுதிர் கால வண்ணம் பார்க்கப் போகிறார்கள். பல நாட்டுப் பயணங்களுக்குப் பின் புதுச்சேரிக்கு வந்த பெரோத்தே, பட்டுப்புழு வளர்ப்பு உட்படப் பல முயற்சிகளைச் செய்து, 1870-ல் இங்கேயே காலமானார்.

இங்கு நிற்கும் மரங்களில் பல வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் நகரத்தின் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. இந்தப் பூங்காவும் தப்பவில்லை. தப்பி நிற்கும் மரங்களைக் கவனித்தால், காற்றடிக்கும் கரையோரத்தில் என்ன வைக்கலாம் என்பதற்கு விவசாயிக்கு ஒரு பாடம் கிடைக்கும். போவதற்கு முன் பூங்கா திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

கார்த்திகையில் நகரத்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால் இன்னொன்றும் கிடைக்கும். மரமல்லி பூக்கும் பருவம் அது. மரம் நிற்கும் இடத்தில், இரவில் மலர்ந்த வெள்ளைப் பூக்கள் ஈர மண்ணில் கொட்டிக் கிடக்கும். பாரீசில் சருகு விழும் மாதத்தில் இங்கே பூ விழுகிறது.

ஊர்த் தண்ணீரில் நின்ற மண்டபம்

அடுத்து பாரதி பூங்கா. ஆளுநர் மாளிகைக்கும் சட்டமன்றத்துக்கும் நடுவே நிழலாக விரிந்து கிடக்கிறது. நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தில் பலரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் கதை குளம் வெட்டிய ஒரு பெண்ணின் கதை.

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். 'நானே இடித்துவிடுகிறேன்' என்று கேட்டு வாங்கிய ஆயி, அந்த இடத்தில் ஊருக்கு நீர்நிலை வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 19-ம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகரத்தின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அந்த நினைவாக எழுந்ததே இந்த மண்டபம்.

ஆக, நகரத்துப் பூங்காவின் நடுவில் நிற்பது ராஜாவுக்கான மண்டபம் அல்ல. சுற்றுப்புறத்து ஊரின் தண்ணீருக்கான மண்டபம். இன்றைக்கும் புதுச்சேரி நகரம் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறது. ஏரிகள் நிரம்பாத வருஷத்தில் வயலுக்கும் நகரத்துக்கும் சேர்த்தே தட்டுப்பாடு வரும். கரையோர ஊர்களில் இனிப்பு நீரை அளவுக்கு மேல் இறைத்தால், அந்த இடத்தைக் கடல் நீர் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதல்ல.

ஏரிக்கரையில் கூதிர் காலம்

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உண்மையான காட்சி இருக்கிறது. வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரி, புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் பெரிய ஏரி. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பக்கத்துப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மழைக்குப் பின் இங்கே நாமக்கோழி, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை ஆகியவற்றோடு வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் சேர்ந்துகொள்ளும். வடநாடுகளில் இலையை உதிர்க்க வைக்கும் அதே குளிர்தான் இந்த வாத்துகளையும் தெற்கே விரட்டுகிறது. தண்ணீர் உறைந்தால் இரை இல்லை. ஏரி நிரம்பியிருந்தால்தான் அவை இங்கே இறங்கும். நாம் வாய்க்காலைத் தூர்வாரினோமா இல்லையா என்பதைப் பறவை வந்து சொல்லிவிடும்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையாற்றிலிருந்து வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. பாகூர் பழைய ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் இங்கிருந்த கல்விச்சாலைக்கு 3 ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வயல் விளைந்ததால்தான் பள்ளி நடந்தது.

இந்த அழகு சில நேரம் கையை மீறும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துப் பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. கரையும் மதகும் வடிகாலும் சரியாக இருப்பது காட்சிக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான்.

சருகும் பனங்கொட்டையும்

பாரீஸ் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. உதிர்ந்த இலை குப்பை அல்ல. மாசியில் நம் ஊரில் இலை கொட்டும்போது கூட்டிக் கொளுத்துவதே வழக்கமாகிவிட்டது. கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போய்விடும். மாறாக, நிழலில் மூன்றடி உயரத்துக்குச் சருகைக் குவித்து, அடுக்கடுக்காகச் சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்து, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் சில மாதங்களில் மக்கிவிடும். தேக்கு இலை போலத் தடித்ததை நொறுக்கிப் போட வேண்டும். மக்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள் தென்னை, கத்திரிக்கு மூடாக்காகவே போடலாம்.

கூதிர் காலத்தில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மழை ஈரம் காயும் முன் ஏரிக்கரையின் வெளிப்புறச் சரிவில் பனங்கொட்டை ஊன்றலாம். நட்டவர் பலன் பார்க்கப் பல வருஷம் ஆகும். ஆனால், அந்தப் பனைகள் வரிசையாக நிற்க, கீழே ஏரி ததும்ப, பிரான்சுக்கு இங்கிருந்து ஒரு படம் அனுப்பலாம். அதைப் பார்த்து அங்கிருக்கும் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்: 'இந்த அழகு ஏன் நம்ம ஊர்ல இல்ல?'