ஏறக் கூடாத குன்று

குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். சிங்கப்பூரின் நடுவே இருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றில் அவன் உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறான். டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் அது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து இறங்கும் இடம். அதே 1859-இல்தான் மேலே கோட்டை வேலையும் தொடங்கியது. கீழே கிட்டங்கிச் செட்டியார்கள் வேலனுக்குக் கோயில் எழுப்ப, மேலே வெள்ளைக்காரர்கள் பீரங்கிக்கு மேடை எழுப்பினார்கள். இரண்டில் எதற்கு இன்னும் கூட்டம் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உயரம் ஐம்பது மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இதைப் போய் மலை என்றால் திருச்சிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஆற்றுமுகத்தையும் கடலையும் ஒருசேரப் பார்க்க வாகான மேடு இது. அதனால் இந்தத் தீவுக்கு யார் அதிகாரியாக வந்தாலும் முதலில் இதன் மேல்தான் கண் வைத்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் அடுத்தவன் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

மலாய்க்காரர்கள் இதை புக்கிட் லாராங்கான் என்றார்கள், தடுக்கப்பட்ட குன்று. 14-ஆம் நூற்றாண்டில் சிங்கபுர அரசர்களின் மாளிகை மேலே இருந்தது, அழைப்பில்லாமல் குடிமக்கள் ஏறக் கூடாது. அந்த அரச வம்சத்தின் கதையைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில் நமக்குத் தெரிந்த வாடை ஒன்று அடிக்கிறது. ராஜா சூலான் என்றொருவன் சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு தெமாசெக் வரை, அதாவது பழைய சிங்கப்பூர் வரை வந்துவிடுகிறான். சீனத்து அரசன் என்ன செய்தான்? பல் போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்து நிற்கும் மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினான். “புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புத் தண்டுகள், இந்த மரங்கள் வெறும் விதைகள்” என்று கிழவர்கள் சொல்ல, சூலான் திரும்பிப் போய்விட்டான். சோழர் படையெடுப்பின் நினைவு இப்படிக் கதையாகத் திரிந்திருக்கலாம் என்பார்கள் அறிஞர்கள். சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமா இந்தச் சூலானின் வழிவந்தவன் என்கிறது அதே நூல். போர் செய்யாமல் பொய்யால் ஒரு படையைத் திருப்பிய கதை ஊரின் பிறப்புக் கதைக்குள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அரசர்கள் போன பிறகும் தடை போகவில்லை. 1819-இல் ஆங்கிலேயர் வந்தபோது தெமெங்கோங் என்னும் மலாய்த் தலைவரின் ஆட்கள் மேலே ஏற மறுத்தார்கள். ஆளில்லாத குன்றிலிருந்து மேளமும் ஆரவாரமும் கேட்கும் என்றார்களாம். அந்தக் காலத்து மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேய அதிகாரி ஃபார்க்குவார் மலாக்காக்காரர்களை வைத்து ஒரு பீரங்கியை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் வெடித்துவிட்டுக் கொடி ஏற்றினார். பேயோட்டுவதற்கு வேப்பிலை போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1822-இல் வந்த ஆங்கிலேய அதிகாரி கிராஃபர்டு செங்கல் அடித்தளங்களையும் பானை ஓடுகளையும் பழைய சீனக் காசுகளையும் பார்த்தார். யாரோ வைத்து, யாரோ மறந்த முதிர்ந்த பழமரங்களும் நின்றன. ஆங்கிலேயர் குடியிருப்பை இங்கே நிறுவிய ராஃபிள்ஸ் தமக்கென்று ஓலைக்கூரை வீடு போட்டுக்கொண்டார். அது கவர்னர் மாளிகையாகி, குன்று மறுபடியும் பெரிய மனிதர்களுடையதாயிற்று.

1857 இந்தியக் கிளர்ச்சி கொடுத்த பயத்தில் எழுந்ததுதான் கோட்டை. மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் காலியர் கட்டினார். முற்றுகை வந்தால் தாங்கப் போதிய தண்ணீர் இல்லை. எதிரிக் கப்பல் சுட்டால் குறி தவறும் குண்டு ஊருக்குள்தான் விழும். கடைசியில் பீரங்கிகள் செய்த உருப்படியான வேலை நேரம் அறிவித்ததும் தீப்பிடித்தால் ஊரை எழுப்பியதும்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். வாசல் மட்டும் நிற்கிறது. அடுத்து வந்த ராணுவம் உச்சியை விட்டுக் குன்றின் வயிற்றுக்குள் இறங்கியது. அங்கே அமைத்த நிலவறையில்தான் 1942 பிப்ரவரி 15 காலை ஜப்பானியரிடம் சரணடைவது என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் முடிவெடுத்தார். போருக்குப் பிறகும் பட்டாளம்தான். காவல்காரன் மாறினானே தவிர, “வராதே” என்ற உத்தரவு மாறவில்லை.

1981-இல் லீ குவான் யூ ஒரு பழமரக் கன்றை நட்டு இதை ஃபோர்ட் கேனிங் பூங்கா ஆக்கினார். அரசர் காலத்துத் தோப்பை நினைத்து நட்டது. பூங்கா ஆவதற்கும் ஒரு விலை இருந்தது. சரிவிலே 1822 முதல் 1865 வரை கிறிஸ்தவர்களைப் புதைத்த இடுகாடு இருந்தது. ஊரின் பாதி அழகைக் கட்டிக்கொடுத்த கட்டடக்கலைஞர் கோல்மனும் அங்கேதான் கிடந்தார். கல்லறைகளை அகற்றி, எழுத்துள்ள கற்களைச் சுற்றுச் செங்கல் சுவரில் பதித்துவிட்டார்கள். இன்று அந்தப் புல்வெளியில் பாய் விரித்துக் கச்சேரி கேட்கிறார்கள். எனக்கு அதில் சங்கடம் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயரும் சில மாத வயதும் மட்டும் மிஞ்சிய கல்லைச் சுவரில் படிக்கும்போது, அது யார் மேல் இருந்த கல் என்று கேட்கத் தோன்றும்.

தடைக்கு ஒரு நல்ல குணமும் இருந்திருக்கிறது. சிங்கபுர அரசன் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று மலாய்க்காரர்கள் வழிபட்ட ‘கிராமத்’ என்னும் புனிதத் தலம் ஒன்று சரிவில் இருக்கிறது. இந்த அரசன் மலாக்காவுக்குப் போய்விட்டவன் என்பதால் உள்ளே அவன் இருப்பது சந்தேகம்தான். ஆனால் பயபக்தியால் அந்தப் பக்கம் யாரும் கடப்பாரை போடவில்லை. உச்சியைக் கோட்டைக்காகத் தட்டையாக்கியவர்களும் இதைத் தொடவில்லை. 1984-இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அதன் அருகே குழி வெட்டியபோது, 14-ஆம் நூற்றாண்டு மண் கலையாமல் கிடைத்தது: சீனப் பீங்கான், கண்ணாடித் துண்டுகள், மணிகள். ஊரின் வரலாறு 1819-இல் தொடங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தக் குழி மாற்றியது.

குன்றில் தங்க நகைகளும் கிடைத்தன, அந்தக் குழிக்கும் முன்பே. 1920-களின் பிற்பகுதியில் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டிய தொழிலாளர்கள் எடுத்த தங்கத்தில் ஒரு கைக்காப்பு உண்டு. நம் கோயில் தோரணங்களின் உச்சியில் பிதுங்கிய கண்ணோடு பார்க்கும் கீர்த்திமுகத்தின் ஜாவாத் தம்பி, காலன் முகம், அதில் பொறித்திருக்கிறது. இன்றைய கூட்டம் தோபி காட் பக்கத்துச் சுருள்படிக்கட்டில் படமெடுக்க வரிசையில் நிற்கிறது; நிற்கட்டும், படம் நன்றாகத்தான் வருகிறது. காப்பு குன்றை ஒட்டிய தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக ஏறினால் நல்லது. வெயிலும் அதற்குள் சற்றுத் தாழ்ந்திருக்கும்.