துண்டோடு ஏறினோம் சித்தன்னவாசல்!

"ஒரே நாள் டூர்! மலை உச்சியில் சுனைக் குளியல்! கைடு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, நீச்சல் தெரியணும்னு அவசியமே இல்லை!"

எங்கள் திருச்சி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த நோட்டீஸ் வந்து விழுந்தபோது மணி காலை பதினொன்று. பதினொன்றரைக்குள் ஒன்பது பேர் பேர் கொடுத்தாச்சு. எங்கள் செக்ஷனில் எந்த ஃபைலும் இந்த வேகத்தில் நகர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் கேஷியரின் மைத்துனர். மனுஷர் கம்பெனி வேலையாக மெக்ஸிகோ போய்விட்டு வந்தவர். அங்கே யுகடான் என்ற பகுதியில் 'செனோட்டே' என்று இயற்கையாக உண்டான பள்ளங்கள் இருக்கின்றன. காசு கட்டினால் கைடோடு கூட்டிப்போய், ஒரு மணி நேரம் நீந்தவிட்டு, பத்திரமாகக் கரை சேர்ப்பார்களாம். போட்டோக்களைக் கேஷியர் மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டினார். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், மேலே ஒரு ஓட்டை, அதன் வழியாக இறங்கும் சூரிய வெளிச்சம். நட்டநடுவில், ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டில், பறங்கிக்காய் மாதிரி மிதக்கும் மைத்துனர்!

செனோட்டே சமாசாரம் சுவாரசியமானதுதான். யுகடானின் வட பகுதியில் தரைக்கு மேலே ஆறு என்று ஒன்று கிடையாது. பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கீழே போய், பூமிக்கடியில் ஆறாக ஓடுகிறது. மேல்கூரை மெலிந்து மெலிந்து, ஒருநாள் பொத்தென்று உள்ளே விழுந்தால் செனோட்டே ரெடி. மாயா ஜனங்களுக்கு அதுவே குடிதண்ணீர்த் தொட்டி, அதுவே கோயில். 6.6 கோடி வருஷங்களுக்கு முன்னால் டைனோசர்களுக்குச் சீட்டுக் கிழித்த விண்கல் வந்து விழுந்ததும் அதே வட்டாரம்தான். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் அந்தப் பெரும் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, செனோட்டேக்கள் அரைவட்டமாக வரிசை கட்டி நிற்கின்றன.

"எதுக்கு சார் மெக்ஸிகோ? நம்ம சித்தன்னவாசல்ல இல்லாத சுனையா?" என்றான் டெஸ்பாட்ச் தம்பி. வயசு இருபத்து மூணு. நீச்சல் தெரியாது. ஆனால் புதுசாக ஒரு நீச்சல் டிராயர் வாங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்பியது. விராலிமலையில் இட்லி, இலுப்பூரில் டீ, அன்னவாசலில் இன்னொரு டீ. அன்னவாசலைத் தாண்டியதும் பொட்டல் நடுவே, யானை படுத்துக் கிடக்கிற மாதிரி வடக்கு தெற்காக ஒரு மொட்டைப் பாறைக் குன்று. உயரம் இருநூறு அடி சொச்சம். புதுக்கோட்டையிலிருந்து வந்தால் வடமேற்கே பதினாறு கிலோமீட்டர்.

கைடு என்றதும் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக ஒருத்தரை எதிர்பார்த்தோம். வந்தவர் வேட்டி, தலையில் முண்டாசு, கையில் மூங்கில் கம்போடு உள்ளூர்ப் பெரியவர். எங்கள் தோள்களைப் பார்த்தார்.

"துண்டெல்லாம் எதுக்கு அப்பு?"

"குளிக்கத்தாங்க ஐயா!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டார். எழுபது வயசுக்காரர் முன்னால் போக, ஒன்பது கம்ப்யூட்டர் உடம்புகள் பின்னால் புஸ் புஸ்ஸென்று ஏறிய காட்சியை வர்ணித்து என் மானத்தை நானே வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

முதலில் ஏழடிப்பட்டம். மலையின் கிழக்குப் பக்கமாக ஏறி, முதுகைத் தாண்டி மேற்கே இறங்கினால், பாறையில் கால் வைக்க வெட்டிய குழிகள். அதனால்தான் இந்தப் பேர். இப்போது இரும்புக் கம்பி போட்டிருப்பதால் ஆபீசர்களும் போகலாம். உள்ளே இயற்கையான குகைத்தளம். தரையில் பதினேழு கல் படுக்கைகள், பளபளவென்று வழித்துவிட்ட மாதிரி. தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மேடு! சமணத் துறவிகள் படுத்த இடம். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை இது என்பது அதன் சாரம். எருமை நாடு என்றால் மைசூர்ப் பக்கம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அங்கிருந்து நடந்தே வந்து, இந்தக் கல்லில் படுத்து... எங்கள் கேஷியர் ஒரு படுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம கர்லான் மெத்தைக்கே முதுகுவலி" என்றார்.

பெரியவர் கம்பால் தரையைத் தட்டினார். "படுக்கையைப் பாத்தீங்க. இவங்க என்னத்தைக் குடிச்சாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

நியாயமான கேள்வி. சுற்றிலும் பாறை. சித்திரையில் இங்கே கால் வைத்தால் தோசைக்கல். தினமும் இறங்கி ஏறிக் குடம் சுமக்கிற வேலையைச் சாமியார்கள் செய்திருப்பார்களா?

"வாங்க, காட்டுறேன்" என்று கிழக்குச் சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் நவச்சுனை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மைத்துனரின் போட்டோவை மனசில் வைத்துக்கொண்டு போனால் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். நீலமில்லை, பச்சை. பெரிசுமில்லை. பாறை மடிப்புக்குள்ளே சத்தமில்லாமல் ஒரு நீர். ஆனால் அந்த வெயிலில், அந்த மொட்டைப் பாறையில் அது இருப்பதே நம்பமுடியவில்லை. காற்று மட்டும் அதன் மேல் பட்டு வந்து முகத்தில் ஜில்லென்று அடித்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

சட்டென்று திரும்பிப் பார்த்தால் டெஸ்பாட்ச் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டான்! "வீடியோ எடுங்க சார், ஒரே ஜம்ப்!"

பெரியவர் ஓடவில்லை, கத்தவில்லை. கம்பைக் குறுக்கே நீட்டினார். "நீச்சல் தெரியுமா தம்பி?"

"அவசியமில்லைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே!"

"நோட்டீஸ் அடிச்சவரு இந்த மலையில ஏறுனதே இல்ல." என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, காய்ந்த பாறைச் சரிவில் பாசி படிந்திருந்த இடமாகப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினார். "இதுல காலை வையி."

வைத்தான். கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. கேஷியர் இடுப்பைப் பிடித்திராவிட்டால் புது டிராயர் அங்கேயே கிழிந்திருக்கும்.

"இது வெறும் சொட்டுத் தண்ணி. உள்ளே சுத்திவர இதே பாசிதான். குளம்னா படிக்கட்டு இருக்கும், கிணறுன்னா மோட்டார் பைப்பு இருக்கும். இதுல இறங்குறது சுளுவு. ஏறத்தான் பிடி கிடையாது. ரெண்டு எட்டு வைக்கிற வரைக்கும் முழங்கால், மூணாவது எட்டுல ஆள் மட்டம். நல்லா நீந்தத் தெரிஞ்சவனே பாறையைப் பிறாண்டிப் பிறாண்டி ஓய்ஞ்சு போவான்."

தம்பியின் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் வடிந்தது. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. வீடியோ எடுக்க செல்லைத் தூக்கினவன் நான்தான்.

எங்களோடு வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர்தான் சூழ்நிலையை இளக்கினார். "எங்கட ஊரில புத்தூருக்குக் கிட்ட நிலாவரை எண்டு ஒரு கிணறு இருக்கு. அடியே இல்லை எண்டு சொல்லுவினம். அதுக்குள்ள ஒரு தேசிக்காயைப் போட்டால், அங்கால கீரிமலைக் கேணியில வந்து மிதக்குமாம்."

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டனான். தேசிக்காய் வரேல்லை. அம்மாட்ட அடிதான் வந்தது!"

அவர் சொன்ன நிலாவரைதான் மெக்ஸிகோ செனோட்டேக்கு அசல் பங்காளி. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் பூமி, வருஷம் பூரா ஓடுகிற ஆறு கிடையாது, மழை நிலத்துக்குள்ளேதான் போகிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கடலோரமாக இருக்கிற கீரிமலைக் கேணியிலோ ஊறிவருவது நன்னீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி, இறங்கிக் குளிக்கலாம். ஆசை இருக்கிறவர்கள் அங்கே போகவும்.

சித்தன்னவாசல் ஜாதி வேறு. இது கருங்கல் இனத்துப் பாறை. தண்ணீரில் கரையாது, கூரை இடிந்து விழாது. வெயிலிலும் மழையிலும் லட்சக்கணக்கான வருஷம் விரிந்து சுருங்கி, வெடிப்பு விட்டு, உதிர்ந்து, அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தங்குவதுதான் சுனை. அடியில் போக்குவழி இல்லை. செனோட்டேயில் தண்ணீர் பூமிக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படியிருந்துமே பல இடங்களில் டூரிஸ்ட்டை ஷவரில் நிற்கவைத்து, உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனைக் கழுவின பிறகுதான் இறக்குகிறார்கள். இங்கே?

"இது டம்ளரு தம்பி" என்றார் பெரியவர். "ஐப்பசி கார்த்திகையில ரொப்புனா வருசம் பூரா அதேதான். உங்க ஷாம்பு உள்ளே போச்சுன்னா அடுத்த மழை வரைக்கும் இங்கனயேதான் கிடக்கும். ஆடு மேய்க்கையில நாங்க கையால அள்ளிக் குடிச்ச தண்ணி. குரங்கு குடிக்குது, மயில் குடிக்குது. மேல படுத்திருந்தாகளே, அவுக குடிச்சதும் இந்த மாதிரிச் சுனைத் தண்ணிதான்."

இன்னொரு விஷயமும் சொன்னார். நாங்கள் குதிக்கப் பார்த்தது கோயில் கூரை மேலே! சுனைக்குள் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில் இருக்கிறது. ஜம்புநாதர் குகை. ஜம்பு என்றால் நாவல், நவச்சுனை என்ற பேரும் நாவல் மரத்தால் வந்ததே. 13-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இதற்கு இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் சாமி தெரிவார். புதுக்கோட்டைச் சீமையில் இப்படி நீருக்குள் இருக்கும் சாமி இவர் ஒருவர் மட்டுமில்லை. பக்கத்து நார்த்தாமலையில் மேலமலைச் சுனைக்குள்ளும் ஒரு லிங்கம். 1857-ல் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி சுனையை இறைக்கச் சொல்லித் தரிசனம் செய்ததாக அங்கே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகாராணியே இறைத்துவிட்டுத்தான் பார்த்தார், குதித்துப் பார்க்கவில்லை!

தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டான். துண்டுகள் தலைப்பாகையாக மாறின.

இறங்கி, வேனில் ஏறி அறிவர் கோயில். குடைவரை. முன்மண்டபத்தைக் கட்டி, உள்மண்டபத்தைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் என்று 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலம். கருவறையில் நின்று மூச்சைப் பிடித்து 'ம்ம்ம்' என்றால் பாறையே திருப்பி 'ம்ம்ம்' என்கிறது. ஒன்பது பேரும் ஒரு ரவுண்டு 'ம்ம்ம்' சொன்னோம். காவலர் பொறுத்துக்கொண்டார்.

"மேல பாருங்க" என்றார் பெரியவர்.

விதானம் முழுக்க ஒரு தாமரைக் குளம்! இலை, மொட்டு, பூ. நடுவே மீன், அன்னம், எருமை, யானை. நிறையவே அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பதே போதும், கழுத்து வலித்தாலும் தலை இறங்க மாட்டேன் என்கிறது. கரி, சுண்ணாம்பு, காவி, பச்சைமண் என்று கல்லும் மண்ணும் கொடுத்த கலர்கள். சமணர்களின் நம்பிக்கைப்படி, தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகிற பவ்வியர்கள் வழியில் ஒரு தடாகத்தில் இறங்கி உடம்பு குளிர்ந்து போவார்களாம். அந்தத் தடாகம்தான் இது என்கிறார்கள். குளத்துக்குள்ளே கோவணத்தோடு மூன்று பேர். ஒருவர் பூப்பறித்துக் கூடையில் போட, கூட ஒருவர். தள்ளி இன்னொருவர் தாமரைத் தண்டுகளைக் கட்டாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆபீஸ் லீவு போட்டவர் மாதிரி நிதானமாக நிற்கிறார்.

கீழே சுடுகிற பாறை, மேலே எப்போதோ மழை பெய்தால் ஒரு டம்ளர் தண்ணீர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் கூரை பூராவும் தண்ணீரை வரைந்திருக்கிறான். எனக்கு அதற்குமேல் கைடு தேவைப்படவில்லை.

டெஸ்பாட்ச் தம்பி அண்ணாந்தபடி விரல்விட்டு எண்ணினான். "மூணு பேர் சார். ஒருத்தருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை."

"அவங்களுக்கு நீச்சல் தெரியும்டா" என்றார் கேஷியர்.

டூர்க்காரரிடம் சுனைக் குளியலுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டோம். குளியல் இலவச இணைப்பாம், அதற்குத் தனிச் சார்ஜே போடவில்லையாம்! பெரியவர் கையில் மட்டும் ஆளுக்கு நூறு ரூபாய் திணித்தோம். எண்ணிப் பார்க்காமல் முண்டாசில் செருகிக்கொண்டு, "மழைக்கப்புறம் வாங்க, ரொம்பி நிக்கும். துண்டு வேணாம்" என்றார்.

தம்பி இப்போது திருச்சியில் நீச்சல் கிளாஸ் சேர்ந்திருக்கிறான். காலை ஆறு மணி பேட்ச், அதே டிராயர். மூன்று வாரம் ஆகிறது. ஓரத்துக் கம்பியை இன்னும் விடவில்லையாம். கூடப் படிக்கிற யூ.கே.ஜி. பையன்கள் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.