எல்என் என்று ஒரு நிரல்

குளிர் விலகும் நாட்களில், வீடுகளில் வைத்துவிட்டு வந்த சின்னப் பிளாஸ்டிக் டப்பிகள் எங்கள் மேசைக்குத் திரும்பி வரும். குளிர்காலம் முழுவதும் ஆட்கள் புழங்கும் அறையில் ஓர் அலுமாரித் தட்டில் இருந்து, ரேடன் வாயுவின் தடத்தை வாங்கி வைத்திருப்பவை அவை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து பிறக்கும் இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். சுவிஸில் யூராவிலும் அல்ப்ஸ் பகுதிகளிலும் அதிகம். 2018 முதல் இங்கே கன மீற்றருக்கு 300 பெக்கரல் என்பதே மேற்கோள் அளவு.

ஓர் ஊரில் எத்தனை வீடுகள் அந்த 300ஐத் தாண்டும்? இதைக் கணிக்க எக்செலில் ஒரு சார்பு உண்டு. இங்குள்ள ஜேர்மன் பதிப்பில் அதன் பெயர் லொக்நோர்ம்.வெர்ட். மடக்கை எடுத்தால் செவ்வன் ஆகிவிடும் பரவலுக்கானது அது. ரேடனுக்கு அது ஏன் பொருந்துகிறது?

மண்ணின் தன்மை, நிலத்தளத்தின் வெடிப்பு, வாயுவை உள்ளே இழுக்கும் அழுத்தம், சன்னல் திறக்கும் பழக்கம் எல்லாம் ஒன்றையொன்று பெருக்கும் அல்லது வகுக்கும். அதனால்தான் பெரும்பாலான வீடுகளில் அளவு குறைவாகவும், சில வீடுகளில் மலைபோலவும் இருக்கிறது. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகும். ஒருபக்கம் சாய்ந்த வரைபு மணிபோல நிமிரும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரின் இடையம் 80 பெக்கரல், பெருக்கு விலகல், அதாவது அளவுகள் இடையத்திலிருந்து எத்தனை மடங்கு விலகுகின்றன என்பது, 2.5 என்று வைப்போம். அளவுகள் ஏ நிரலில். பக்கத்து பி நிரலில் அவற்றின் இயற்கை மடக்கை, எக்செலின் மொழியில் எல்என். அந்த இரண்டாம் நிரலின் சராசரி 4.38, நியம விலகல் 0.92. சார்பு கேட்பது இவ்விரண்டையும்தான்:

=1-லொக்நோர்ம்.வெர்ட்(300;4.38;0.92;வார்)

விடை 0.075. நூற்றில் ஏழெட்டு வீடுகள்.

ஆரம்பத்தில் நான் மூல அளவுகளின் கூட்டுச் சராசரியான 122ஐ எடுத்து, அதற்கு மடக்கை கண்டு 4.80 என்று இட்டேன். விடை 16 வீதமாகிவிட்டது. எக்செல் எந்தத் தவறும் காட்டவில்லை. தேவையற்ற பயத்தை இரண்டு மடங்காக்கி ஓர் அறிக்கையில் எழுதியிருப்பேன். கூட வேலை செய்த அக்கா ஒருவர், “தம்பி, முதலில் மடக்கை, பிறகுதான் சராசரி” என்று விரல் வைத்துக் காட்டினார். மடக்கையே எடுக்காமல் வெறும் செவ்வன் பரவலில் போட்டால் இன்னும் மோசம்: ஐந்தில் ஒரு வீட்டில் ரேடன் பூச்சியத்துக்குக் கீழே என்று வரும். நான்காம் இடத்தில் வார், அதாவது உண்மை, என்பதற்குப் பதில் பொய் என்று இட்டால் வருவது அடர்த்தி. அதை நிகழ்தகவு என்று வாசிக்கக் கூடாது.

சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எக்கார்ட் லிம்பர்ட்டும் வெர்னர் ஸ்டாஹெலும், மார்க்குஸ் அப்டுடன் சேர்ந்து 2001இல் பயோசயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். சராசரியைக் கூட்டிக் கழித்துச் சொல்வதற்குப் பதில் இடையத்தைப் பெருக்கி வகுத்துச் சொல்லுங்கள் என்றார்கள் அவர்கள். 80ஐ 2.5ஆல் வகுத்தால் 32, பெருக்கினால் 200. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இதற்குள் அடங்கும். இப்படிச் சொன்னால் வீட்டுக்காரருக்கும் சட்டென்று பிடிபடுகிறது.

வரும் கிழமை இன்னொரு பள்ளத்தாக்கின் டப்பிகள் வருகின்றன. ஏ நிரல் வெறுமையாக இருக்கிறது. பி நிரலின் தலையில் எல்என் என்று எழுதி வைத்துவிட்டேன்.