ரத்தத்தில் இல்லாத கிட்டார்

41 வயதில் கிட்டார் பழகத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இதைக் கேள்விப்பட்ட ஒரு முற்போக்கு நண்பர், "உங்களுக்கு எதுக்கு தோழர் கிட்டார்? பறை உங்க ரத்தத்துலயே ஊறினதாச்சே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவர் மகள் வீணை வகுப்புக்குப் போகிறாள், மாதாமாதம் கட்டணம் கட்டுகிறார். அந்தக் குழந்தைக்கு மட்டும் இசையைச் சொல்லித்தர ஆள் வேண்டும், நமக்கு ரத்தமே போதும் போலிருக்கிறது.

என் தாத்தா பறையடித்தவர். ஊர்ச் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் அடித்தார். அப்பா தலைமுறையில் எங்கள் தெரு கூடிப் பேசி, இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதற்கு ஊர் கொடுத்த தண்டனை, இரண்டு அறுவடைக்கு யாருக்கும் வேலையில்லை. பிறகு புத்தர் கலைக்குழுவும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களும் அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தார்கள். கீழே வைத்ததும் சுயமரியாதை, மீண்டும் எடுத்ததும் சுயமரியாதை. ஆனால் யாருக்கும் அது பிறக்கும்போதே வந்துவிடவில்லை. தாத்தா தன் சித்தப்பாவிடம் பிரம்படி வாங்கிப் பழகியவர். சக்தி குழுப் பெண்கள் அடவையும் அடியையும் நாள்கணக்கில் பயின்றவர்கள். 'ரத்தம்' என்று சொல்லும்போது இந்த உழைப்பு முழுவதும் மறைந்துபோகிறது. சாதி செய்யும் பழைய வேலையே அதுதான்: நாம் கற்றதை நம் பிறப்பின் கணக்கில் எழுதிவிடும்.

கிட்டாரில் எனக்குப் பரம்பரை எதுவும் கிடையாது. நிம்மதியாக இருக்கிறது.

என் ஆசிரியர் எங்கள் தெரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் கல்லூரி மாணவன். நான் வாங்கியது பழைய கிட்டார். முதல் மாதம் எந்தக் கம்பியை அழுத்தினாலும் 'டப்' என்று செத்த ஒலிதான் வந்தது, விரல்நுனி வீங்கிப்போனது. தம்பி கிட்டாரை வாங்கிக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். "அண்ணே, கம்பி இவ்வளவு மேல நின்னா யாரு அழுத்தினாலும் இப்படித்தான் வரும். கோளாறு உங்க கையில இல்ல" என்றான். கம்பிகள் உட்காரும் சேடில் என்ற வெள்ளைப் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தான். அரைமணி நேர வேலை. நம்மில் எத்தனை பேர் 'எனக்குக் கணக்கு வராது', 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று பள்ளியிலிருந்து வெளியேறினோம்! கையில் கொடுத்த கருவியைத் தூக்கிப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை.

நீங்கள் பழைய கிட்டார் வாங்குவதென்றால் 12வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், தேய்த்துக் குறைக்க முடியுமா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கம்பியை அந்த உலோகக் கோட்டின் மீது அழுத்தக்கூடாது, அதை ஒட்டிப் பின்னால் அழுத்த வேண்டும். பாதி வலி அதிலேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் வாசிப்பதைவிடத் தினம் 15 நிமிடம் மேல். விடுதி அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் ஆளுக்கு 15 நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

'உழைத்துக் காய்த்த கைகளுக்கு இது சுலபம்' என்று யாராவது கவிதை பேசினால் நம்பாதீர்கள். களைக்கொத்து பிடித்தால் உள்ளங்கை காய்க்கும். கிட்டாருக்கு இடதுகை விரல்நுனி காய்க்க வேண்டும். அது வேறு இடம், வேறு வேலை, அதற்கும் நாள் ஆகும்.

இந்த நாட்களில் நான் அதிகம் கேட்டது எலிசபெத் காட்டனைத்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருக்கும்போதே வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். அவருக்கு இடதுகைப் பழக்கம். வலதுகைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் தாழ்ந்த சுரங்களை மீட்டுவார்கள். இவர் கட்டைவிரலால் மெட்டை வாசித்தார், தாழ்ந்த சுரங்களை மற்ற விரல்களுக்குக் கொடுத்தார். அந்த முறைக்கே இன்று அவர் பெயர்தான். நடுவில் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் வீட்டுவேலை செய்து வாழ்ந்தார். முதல் இசைத்தட்டு வெளியான 1958இல் அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். கிராமி விருது 1985இல். சிறுவயதில் அவர் உருவாக்கிய 'ஃப்ரெய்ட் டிரெயின்' பாட்டை இங்கிலாந்தில் இரண்டு பேர் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். உரிமையில் அவர் பெயர் பிறகுதான் சேர்ந்தது. கறுப்பர்களுக்கு இசை ரத்தத்தில் இருக்கிறது என்ற பேச்சு அந்த நாட்டிலும் உண்டு. ரத்தத்தில் தானாக வருகிற பாட்டுக்கு யார் கூலி கொடுப்பார்கள், யார் பெயர் போடுவார்கள்?

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் கானாவும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. எது யாருடைய கருவி என்று அந்த மேடையில் கோடு கிழிக்கவில்லை.

எனக்கு இன்னும் எஃப் கார்டு வரவில்லை. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் படுத்து அழுத்த வேண்டும், என்னுடையது நான்காவதிலேயே தளர்ந்துவிடுகிறது. "வரும்ணே, எனக்கு நாலு மாசம் ஆச்சு" என்கிறான் தம்பி. ஏப்ரல் 14 அன்று எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஜி, சி, டி மூன்றே கார்டில் முடிகிற பாட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். பறை வாசிக்கப்போவது அந்தத் தம்பி. அவனும் அதைப் போன மாதம்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான்.