பாச்சாங் திடலில் எத்தனை ஆட்டம்!

மலாக்கா நகரத்திலிருந்து வடக்கே, பத்து பெரெண்டாம் போகும் பக்கமாக வந்தால் பாச்சாங். ஊருக்கு ஒரு பழத்தின் பெயர் வாய்த்திருக்கிறது. பாச்சாங் மாம்பழச் சாதிதான். ஆனால் அதன் வாசனையே தனி. ஒரு வீட்டில் அறுத்தால் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். பழத்தைத் தேடிப் போனால் இன்று கிடைப்பது அரிது. வீடமைப்புப் பகுதிகளும் கடை வரிசைகளும்தான் கண்ணில் படுகின்றன. அவற்றில் குடியிருக்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நாங்க தோட்டத்துலேருந்து வந்தவங்க" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். ஒருவர் ஜாசின் பக்கம் என்பார், ஒருவர் மெர்லிமாவ் என்பார், இன்னொருவர் அலோர் காஜா என்பார்.

மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் இப்படிப்பட்ட இடங்களின் திடலைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் வலையைக் கட்டி மலாய் இளைஞர்கள் பந்தைக் காலால் வானுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நம் பையன்கள் செருப்பைக் கழற்றி 'கோல்' கம்பமாக வைத்துக்கொண்டு காற்பந்தில் புழுதி கிளப்புவார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், காப்பிக் கடை வாசலில் சீனத் தாத்தாக்கள் இருவர் சதுரங்கப் பலகை மேல் குனிந்திருப்பார்கள். எல்லாரும் என்ன செய்கிறார்கள்? விளையாடுகிறார்கள். தமிழில் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டோம். ஆனால் அவரவர் வாயில் அது என்னவாக வருகிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், ஊர்ப் பழத்தை விட ருசியான சங்கதி கிடைக்கும்.

மலாய்ப் பையனுக்கு எல்லாம் 'மாயின்'. பந்து மாயின், காற்றாடி மாயின், பம்பரம் மாயின். கித்தார் வாசிப்பதும் மாயின்தான். மழையில் நனைந்து கூத்தடித்தால் மாயின் ஹூஜான். நெருப்போடு விளையாடினால் மாயின் ஆப்பி. கண்ணைக் காட்டிச் சாடை பேசினால் 'மாயின் மாத்தா', அதாவது கண் விளையாட்டு. கட்டிய துணைக்குத் துரோகம் செய்பவரை 'மாயின் காயூ தீகா' என்பார்கள். மூன்று கட்டை விளையாட்டு! இதையெல்லாம் விட எனக்கு வியப்பாக இருந்தது கிளந்தான் மாநிலத்துச் செய்தி. அங்கே இசையும் ஆட்டமுமாக நோயாளிக்குச் செய்யும் பழைய வைத்தியச் சடங்குக்கு 'மாயின் புத்தெரி' என்று பெயர். நோய் தீர்ப்பதற்குக்கூட விளையாட்டு என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். மாந்திரீகக்காரரிடம் போய் "நீங்கள் விளையாடுவது எப்போது?" என்று நாம் கேட்டால் அவர் என்ன நினைப்பார்!

சீனர்கள் வேறு மாதிரி. மண்டரின் படிக்கும் பிள்ளைகள் பொதுவாக விளையாடுவதை 'வான்' என்பார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்தின் இடப்பக்கத்தில் இருப்பது பச்சைக்கல்லைக் குறிக்கும் வடிவம். விலையுயர்ந்த கல்லைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்க்கும் சுகம்தான் அவர்களுக்கு விளையாட்டின் அடையாளம் போலும். ஆனால் பந்தென்று வந்துவிட்டால் இந்தச் சொல் பின்னால் போய்விடும். கைப்பந்தை 'அடிக்கிறார்கள்', காற்பந்தை 'உதைக்கிறார்கள்', மாஜோங்கையும் 'அடிக்கிறார்கள்'. சதுரங்கக் காயைக் 'கீழே வைக்கிறார்கள்'. என்ன செய்கிறோமோ அதையே சொல்வது அவர்கள் வழக்கம்.

வலை கட்டி ஆடும் அந்தப் பந்தின் பெயரே இரண்டு மொழிக் கலப்பு. 'செப்பாக்' என்பது மலாய். உதைப்பது என்று பொருள். 'தக்ராவ்' தாய்லாந்துச் சொல்; பின்னிய பந்து. 1965ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்த சமயத்தில்தான் இரு நாட்டாரும் ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துச் சமாதானமாகப் போனார்கள். அதற்கு முன் மலாய்க்காரர்களுக்கு அது 'செப்பாக் ராகா'. வலை கிடையாது. வட்டமாக நின்று, பந்து தரையில் விழாமல் ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ராகாப் பந்து இதே மலாக்காவில் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல் அதைச் சொல்கிறது. சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர் துன் பேராக்கின் மகன் துன் பெசார், தோழர்களோடு வீதியில் பந்து தட்டிக்கொண்டிருந்தான். சுல்தானின் மகன் ராஜா முகம்மது குதிரையில் அந்த வழியே வந்தான். பந்து பறந்து போய் இளவரசனின் தலைப்பாகையில் பட்டது. தலைப்பாகை கீழே விழுந்தது. அவ்வளவுதான். துன் பெசார் அந்த இடத்திலேயே குத்திக் கொல்லப்பட்டான். முதலமைச்சரின் ஆட்கள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள். பெற்ற தகப்பனோ அவர்களைத் தடுத்தார். அரசனுக்கு எதிராகக் கை ஓங்கக் கூடாது என்றார். ஆனால் ஒன்று, அந்த இளவரசனை எங்களுக்கு அரசனாக ஏற்க மாட்டோம் என்றார். ராஜா முகம்மது மலாக்காவை விட்டுப் போய் பகாங்கிற்குச் சுல்தானானான். விளையாட்டு வினையானது என்று நாம் எத்தனையோ தடவை சொல்கிறோம். ஒரு பந்து ஓர் அரச வரிசையையே மாற்றிவிட்ட கதை நாம் நடமாடும் இதே மண்ணில் இருக்கிறது.

1511இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அவர்கள் மொழியில் இதற்கு மூன்று சொல். குழந்தை விளையாடினால் ஒன்று, விதி வைத்துப் பந்தோ சீட்டோ ஆடினால் வேறொன்று, இசைக் கருவி வாசித்தால் மூன்றாவது ஒன்று. இன்று ஊஜோங் பாசிர் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் வாழும் குடும்பங்களின் கிறிஸ்தாங் மொழியில் குழந்தைச் சொல் உருமாறி 'பிரிங்கா' என்று நிற்கிறது. ஆட்சி போய் முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கடலோரத்துப் பிள்ளைகளுக்காக அந்தச் சொல் தங்கியிருக்கிறது பாருங்கள்.

1641இல் அவர்களைத் துரத்தியவர்கள் டச்சுக்காரர்கள். சிவப்புக் கட்டடத்தை நமக்கு விட்டுப் போனவர்கள். மலாக்கா அவர்கள் கைவிட்டுப் போன பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்த நாட்டில் பிறந்த ஜொஹான் ஹொய்சிங்கா என்ற வரலாற்றாசிரியர்தான் இந்த விளையாட்டுச் சொல் ஆராய்ச்சிக்கே பெயர் வாங்கினார். 1938இல் அவர் வெளியிட்ட நூலின் பெயருக்கு 'விளையாடும் மனிதன்' என்று பொருள். அதில் ஒரு பகுதி முழுவதும், விளையாட்டை எந்த மொழி எப்படிச் சொல்கிறது என்பதுதான். கிரேக்கர்களுக்குக் குழந்தை விளையாட்டு வேறு, போட்டி வேறு. இலத்தீனில் விளையாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சொல். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பேரனிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்! வடமொழி, சீனம், ஜப்பான், அமெரிக்கச் செவ்விந்தியர் மொழி ஒன்று என்று தேடிப் போன அந்தப் பெரியவர் தமிழுக்கு வரவில்லை. வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நம் 'ஆடு' சாதாரணச் சொல் அல்ல. மரக்கிளை ஆடுகிறது, ஊஞ்சல் ஆடுகிறது, மயில் ஆடுகிறது, பிள்ளை ஆடுகிறான். ஆற்றில் குளித்தால் நீராடுகிறோம். காட்டில் மான் பிடித்தால் வேட்டையாடுகிறோம். பேசினால் உரையாடுகிறோம், கெஞ்சினால் மன்றாடுகிறோம், பண்டிகை வந்தால் கொண்டாடுகிறோம். சம்பள நாள் தள்ளிப் போனால் திண்டாடுகிறோம். சம்பள நாளன்று இரவு சிலர் சீட்டாடுகிறார்கள், தவரணையிலிருந்து திரும்பும்போது தள்ளாடுகிறார்கள். காற்றில் பறப்பதற்குக்கூடக் காற்றாடி என்று பெயர் வைத்துவிட்டோம். இவ்வளவு ஏன், பால்மரம் வெட்டப் போகும் தாய் சேலைத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுப் பாடுகிறாளே, அந்தத் தாலாட்டிலும் ஆட்டு இருக்கிறது.

இலக்கண வாத்தியார், "இதெல்லாம் துணைவினை, வேறு விசேஷம் ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுவார். இருக்கட்டும். போரிடுவதையும் நாம் போராடுவது என்றே சொல்லி வந்திருக்கிறோம். 1967இல் இதே மலாக்கா மாநிலத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். பெண்களும் நடந்தார்கள். அதையும் நாம் போராட்டம் என்றோம். அந்தச் சொல்லுக்குள்ளும் ஓர் ஆட்டம் ஒளிந்திருக்கிறது. அதில் விளையாட்டுத்தனம் இருந்தது என்று யார் சொல்வார்கள்?

பழைய தொல்காப்பியத்தில் விளையாட்டைக் குறிக்கக் கெடவரல், பண்ணை என்று இரண்டு சொற்கள் காட்டப்பட்டிருக்கின்றன. முதல் சொல்லை இன்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, வேலை செய்யும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. கோழிப் பண்ணை, மாட்டுப் பண்ணை என்கிறோம். ஓசை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பது புலவர்கள் பார்க்க வேண்டிய காரியம். எனக்கென்னவோ, விளையாடும் நேரத்தில் எல்லாம் வேலைக்கு இழுக்கப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

மலாக்காவுக்கும் கித்தா மரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில்தான் மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அந்த மரம் நமக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் போட்டது. கடையில் பொம்மை வாங்கக் காசு ஏது? கித்தாக் கொட்டை ஒன்றன் மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கி அடிப்பது, எது உடையாமல் நிற்கிறதோ அதன் சொந்தக்காரன் ஜெயித்தான். சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் சூடு வைப்பது இன்னொரு கலை. பெண் பிள்ளைகள் ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டினார்கள்.

பல்லாங்குழிக்கும் அதே கொட்டைதான். மலாய்க்காரர்களின் சொங்காக் நம் பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டிலும் உண்டு. சொங்காக்கில் குழிக்கு ஏழாக 98 காய். இரண்டு முனையிலும் 'ரூமா', அதாவது வீடு என்று பெரிய குழி ஒன்று. காய்களை அங்கே சேர்ப்பவர் வெற்றி பெறுவார். நம் பல்லாங்குழியில் வீடு கிடையாது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் வீடு கட்டினார்கள், நாம் மாடு பிடித்தோம்! அஞ்சாங்கல் அவர்களுக்கு 'பத்து செரெம்பான்'. நம் கில்லி 'கொண்டா கொண்டி'. நம் கோலி 'கூலி'. கிளித்தட்டு போலவே 'காலா பஞ்சாங்'. ஒரே திடலில் இரண்டு பெயரும் தெரிந்த பிள்ளைகளாகத்தான் நம் தலைமுறை வளர்ந்தது.

காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. (துண்டாடுவது! இதிலும் ஆட்டம் வந்து நிற்கிறது.) நான்காவது மாடியில் கில்லி அடிக்க முடியுமா? கீழ்வீட்டுக் காரின் கண்ணாடி என்னாவது? குழி தோண்ட மண்ணும் இல்லை, பொறுக்கக் கொட்டையும் இல்லை. பையன் கைத்தொலைபேசியை எடுக்கிறான். "என்னப்பா செய்யறே?" என்று தாத்தா கேட்டால் "கேம் தாத்தா" என்கிறான். அவன் விளையாடுகிறான்தான், ஆனால் விளையாடுகிறேன் என்று சொல்வதில்லை. ஆட்டம் போனால் அதன் பேச்சும் சேர்ந்து போகிறது. 'பசு' என்றால் அவனுக்குப் பால்மாடு மட்டும்தான்.

பாச்சாங்கிலிருந்து அதிக தூரமில்லை, காஜா பெராங். அங்கேதான் மலாக்கா செட்டிகளின் கிராமம். சுல்தான்கள் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் எடுத்து நிலைத்துவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம் அவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கலை விடவில்லை, முன்னோருக்குப் படைப்பதை விடவில்லை, மாரியம்மனை விடவில்லை. வீட்டில் பேசும் மொழி மட்டும் மலாயாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகளும் 'மாயின்' என்றுதான் சொல்வார்கள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஐந்நூறு ஆண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் அவர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்ததே பெரிது. நாம் கப்பலேறி வந்து எத்தனை காலம் ஆகிறது என்று கணக்குப் போட்டால்தான் மனம் கொஞ்சம் கலங்குகிறது.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தேடித் தொகுத்து ஒரு நூலே எழுதினார். தோட்டத்து விளையாட்டுகளை அப்படி யார் எழுதுவது? ஜாசினில் ஒரு பெயர், தம்பினில் ஒரு பெயர், ஜொகூர்ப் பக்கம் இன்னொரு பெயர் என்று ஒரே ஆட்டத்துக்கு நம்மிடம் எத்தனையோ பெயர். கித்தாக் கொட்டையை உடைக்கும் அந்த ஆட்டத்துக்கு உங்கள் தோட்டத்தில் என்ன சொன்னீர்கள்? பல்லாங்குழியில் பசுவை எடுக்கும்போது என்ன சொல்லிக் கத்தினீர்கள்? வீட்டில் பாட்டி இருந்தால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் மேலே எழுதுங்கள்.